ஸ்கேன் தாளில் 'பல்கி ஓவரி, பிசிஓ' என்று வந்தால்: எதைப் பார்க்கணும், எதை விட்டுடலாம்

#1 தாழம்பூ

இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகளில் பாதி ஒரே தாளில்தான் தொடங்குகிறது. "இரண்டு ஓவரியும் பல்கி, ஓரத்தில் சிறு ஃபாலிக்கிள்கள், பிசிஓ தோற்றம்." அதாவது சினைப்பைகள் (ஓவரி) பெருத்து (பல்கி), ஓரத்தில் சிறு முட்டைப்பைகள் (ஃபாலிக்கிள்) தெரிகின்றன. அதன் கீழே ஒரே கேள்வி: நீர்க்கட்டி எப்போது கரையும்?

அவை கட்டிகளே அல்ல. ஒவ்வொன்றும் 2 முதல் 9 மில்லிமீட்டர் வரை வளர்ந்து நின்றுபோன முட்டைப்பை. மாதாமாதம் அவற்றில் ஒன்று முந்தி, 18-20 மில்லிமீட்டர் வரை வளர்ந்து, வெடித்து முட்டையை வெளியே விட வேண்டும். பிசிஓஎஸ்ஸில் (பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம்; பிசிஓடி என்று சொல்வதும் இதையே) பல கிளம்புகின்றன, ஒன்றும் முந்துவதில்லை. அதனால் கரைப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. "நீர்க்கட்டியைக் கரைக்கும்" என்று விற்கும் எந்தப் பொடிக்கும் சூரணத்துக்கும் முதல் பதில் இதுதான். 1935இல் சிகாகோவில் ஸ்டைன், லெவெந்தல் என்ற இரு மருத்துவர்கள் 7 பெண்களை வைத்து இதை விவரித்தபோது கண்ணில் பட்டது பெருத்த சினைப்பை. பெயரும் அதோடு ஒட்டிக்கொண்டது. கோளாறின் வேர் ஹார்மோனிலும் இன்சுலினிலும் இருக்கிறது.

நோயைத் தீர்மானிக்கும் கணக்கு: 2003இல் ராட்டர்டாமில் வகுத்தபடி மூன்றில் இரண்டு இருக்க வேண்டும். மாதவிடாய் ஒழுங்கின்மை, அதாவது 35 நாளைத் தாண்டுவது அல்லது வருடத்துக்கு 8 முறைக்கும் குறைவாக வருவது. ஆண்தன்மை ஹார்மோன் மிகுதி, அதாவது மோவாய், மேலுதடு, மார்பு, அடிவயிற்றில் கரடுமுரடான முடி, அல்லது ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் கூடுதல். மூன்றாவதுதான் ஸ்கேன். 2023இல் திருத்திய சர்வதேச வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு மட்டும், ஸ்கேனுக்குப் பதிலாக ஏஎம்எச் (சிறு முட்டைப்பைகள் சுரக்கும் ஹார்மோன்) ரத்தப் பரிசோதனையையும் ஏற்கிறது. முதல் இரண்டும் தெளிவாக இருந்தால் ஸ்கேனே தேவையில்லை. மாதவிடாய் ஒழுங்காக வருகிறது, முடித்தொல்லை இல்லை, டெஸ்டோஸ்டிரோனும் சரி, ஸ்கேன் மட்டும் இப்படி என்றால் அது பிசிஓஎஸ் அல்ல. தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) போன்ற வேறு காரணங்களை விலக்கிய பிறகுதான் இந்தக் கணக்கே செல்லும்.

#2 ஒலியலை

ஸ்கேன் பற்றி ஒரு சேர்க்கை. நம்ம ஊரில் கல்யாணம் ஆகாத பெண்களுக்கு வயிற்றின் மேல் வைத்துத்தான் பார்ப்பாங்க, சிறுநீர்ப்பை நிரம்ப. அந்த முறையில் முட்டைப்பைகளை எண்ணுவது நம்பகமா இருக்காது. "ஓவரிக்கு 20 முட்டைப்பை" என்ற அளவு, பிறப்புறுப்பு வழியா நல்ல கருவியில் பார்ப்பதற்கானது. வயிற்று ஸ்கேனில் கன அளவைத்தான் பார்க்கணும்: 10 மி.லி. அல்லது அதற்கு மேல்.

தாளில் மூணு அளவு சென்டிமீட்டரில் இருக்கும். மூணையும் பெருக்கி 0.52ஆல் பெருக்குங்க. 3.2 × 2.3 × 2.0 என்று இருந்தால் 7.7 மி.லி. மேலே "பல்கி" என்று எழுதியிருந்தாலும் அது பல்கி இல்லை. 3.5 × 2.5 × 2.2 என்றால் சரியா 10. அன்றைக்கு ஓவரியில் 10 மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்த முட்டைப்பை ஒன்று இருந்தால் கன அளவு தானாகவே கூடும். அந்த எண்ணை வைத்து முடிவு செய்யக் கூடாது, அடுத்த மாதவிடாய்க்குப் பிறகு திரும்பப் பார்க்கணும்.

#3 வைகறை

பதினைந்து, பதினாறு வயசுப் பிள்ளைகளுக்கும் இதே கணக்கா? வயசுக்கு வந்து ரெண்டு வருஷத்துல 40 நாள், 45 நாள்னு போனாலே ஸ்கேன் எடுத்து பிசிஓடின்னு சொல்லிடுறாங்களே.

#4 தாழம்பூ

இல்லை. வயதுக்கு வந்து 8 வருடம் ஆகும் வரை ஸ்கேனையும் ஏஎம்எச்சையும் இதற்காகப் பார்க்கவே கூடாது. இளம் சினைப்பை இயல்பாகவே அப்படித்தான் தெரியும். அந்த வயதில் மாதவிடாய் ஒழுங்கின்மை, ஹார்மோன் மிகுதி இரண்டும் சேர்ந்து இருந்தால் மட்டுமே பெயர் வைக்கலாம்.

ஒழுங்கின்மைக்கும் அளவு வேறு. முதல் வருடம் எப்படி வந்தாலும் இயல்பு. முதல் வருடத்திலிருந்து மூன்றாம் வருடம் வரை 45 நாளைத் தாண்டினால்தான் கவனிக்க வேண்டும். அதற்குப் பிறகு 35 நாள். முதல் வருடம் கடந்தபின் ஒரு முறையாவது 90 நாளுக்கு மேல் வராமல் போனால் மருத்துவரிடம் காட்டுங்கள். 15 வயதாகியும் பூப்பெய்தவில்லை என்றாலும் காட்டுங்கள்.

ஒன்று மட்டும் இருந்து இன்னொன்று இல்லாத பிள்ளைக்கு "பிசிஓஎஸ் வரக்கூடும், கவனிப்போம்" என்று குறித்து வைத்து, பின்னாளில் திரும்பப் பார்ப்பதே முறை. பதினாறு வயதில் "உனக்குக் குழந்தை பிறப்பது கஷ்டம்" என்று ஒரு பிள்ளை காதில் விழுவது எவ்வளவு பெரிய சேதம் என்று பெரியவர்கள் யோசிக்க வேண்டும். அந்தச் சொல் பெரும்பாலும் பொய்யும்கூட.

#5 லேப் மேசை

ரத்தப் பரிசோதனைக்குப் போகும்முன்:

கருத்தடை மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் அளவு எதையும் காட்டாது. அதைத்தான் பார்க்கணும்னா மாத்திரையை 3 மாசம் நிறுத்தணும், மருத்துவரைக் கேட்டு. அந்த 3 மாசத்துக்கு வேறு கருத்தடை வேணும்.

முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை சாப்பிடுறவங்க ரொம்பப் பேர். பல கருவிகளில் அது முடிவையே புரட்டிப் போடும்: டிஎஸ்எச் (தைராய்டுக்குப் பார்க்கிறது) குறைவா காட்டும், டெஸ்டோஸ்டிரோன் கூடுதலா காட்டும். குறைந்தது 3 நாளைக்கு முன்னால் நிறுத்துங்க, ரத்தம் எடுக்கும்போதும் சொல்லிடுங்க.

தேவையானவை: டெஸ்டோஸ்டிரோன், அதைக் கட்டிவைக்கிற புரதமான எஸ்எச்பிஜி (இரண்டும் இருந்தால்தான் உடம்புக்குக் கிடைக்கிற ஆண் ஹார்மோன் எவ்வளவுன்னு கணக்குப் போட முடியும்), டிஎஸ்எச், புரோலாக்டின், 17-ஓஎச் புரோஜெஸ்டிரோன். கடைசியா சொன்னதை மாதவிடாய் தொடங்கிய முதல் சில நாளில், காலையில் எடுக்கணும். அது டெசிலிட்டருக்கு 200 நானோகிராமைத் தாண்டினால் அட்ரீனல் சுரப்பியில் பிறவிக் கோளாறு இருக்கலாம், அதுக்கு மேல் பரிசோதனை வேணும். புரோலாக்டினுக்கு அவசரமா ஓடி வந்து உடனே கையை நீட்டாதீங்க. பதற்றத்திலேயே அது கூடும், கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுக் கொடுங்க.

சர்க்கரைக்கு: ஒல்லியா இருந்தாலும் 75 கிராம் குளுக்கோஸ் குடிச்சுப் பார்க்கிறதுதான் சரி. முந்தின 3 நாள் வழக்கம்போலச் சோறு சாப்பிட்டிருக்கணும். பரிசோதனைக்காகப் பட்டினி கிடந்து வந்தால் முடிவு தப்பா கூடும். இரவு 8 மணி நேரம் வெறும் வயிறு. குளுக்கோஸை 250-300 மி.லி. தண்ணீரில் கலந்து 5 நிமிஷத்துக்குள் குடிக்கணும். அடுத்த 2 மணி நேரம் உட்கார்ந்தே இருக்கணும், நடக்கவோ காபி குடிக்கவோ கூடாது. 2 மணி நேர அளவு 140க்குக் கீழே இயல்பு, 140-199 எல்லைக்கோடு, 200 ஆனால் நீரிழிவு.

#6 சமவெளி

ஹெச்பிஏ1சி (3 மாசச் சர்க்கரைச் சராசரி) ஒண்ணு எடுத்தா போதாதா? காத்திருக்க வேண்டாமே. அப்புறம் ஃபாஸ்டிங் இன்சுலின் இல்லாம இன்சுலின் எதிர்ப்பு (உடம்பு இன்சுலினுக்குச் சரியா பணியாதது) இருக்குன்னு எப்படிச் சொல்றது?

#7 லேப் மேசை

இரும்புச் சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் ஹெச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலா காட்டும். நம்ம பெண்களில் ரத்தசோகை எவ்வளவு பரவலுன்னு உங்களுக்கே தெரியும். எல்லைக்கோட்டில் இருக்கிறவங்களை அது தவறவிடவும் செய்யும். வேற வழி இல்லாதபோது எடுக்கலாம்.

ஃபாஸ்டிங் இன்சுலினை வழக்கமா பார்க்க வேண்டாம்னுதான் 2023 வழிகாட்டுதலும் சொல்லுது. ஒரு லேபுக்கும் இன்னொண்ணுக்கும் அளவு ஒத்துப்போகாது, வந்த எண்ணால் சிகிச்சையும் மாறாது. கழுத்து, அக்குள் கருத்துத் தடிச்சிருந்தாலே இன்சுலின் கூடுதலா இருக்குன்னு உடம்பு எழுதிக் காட்டுது. அதை அழுக்குன்னு நினைச்சுப் பீர்க்கம் நார் போட்டுத் தேய்க்காதீங்க, தேய்க்கத் தேய்க்க இன்னும் கருக்கும்.

#8 தாழம்பூ

இன்சுலின் ஏன் இவ்வளவு முக்கியம் என்று ஒரு வரி. கூடுதலான இன்சுலின் சினைப்பையை ஆண் ஹார்மோன் சுரக்கத் தூண்டுகிறது. அதே நேரம் கல்லீரல் எஸ்எச்பிஜி செய்வதையும் குறைக்கிறது. சுரப்பு கூடுகிறது, அதைக் கட்டிவைக்கும் புரதம் குறைகிறது. முகமுடி, பரு, தலைமுடி உதிர்வு, முட்டை வராமை எல்லாம் இந்த ஒரே கண்ணியில் மாட்டியிருப்பவை.

#9 மருந்துச்சீட்டு

மருந்துக் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடுபவர்கள் அதிகம் என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் கருப்பைப் படலம். முட்டை வெளிவராத மாதங்களில் புரோஜெஸ்டிரோன் சுரக்காது. ஈஸ்ட்ரோஜன் மட்டும் படலத்தைத் தடிப்பாக்கிக்கொண்டே போகும். உதிராமல் வருடக்கணக்கில் கிடந்தால் அந்தச் செல்கள் புற்றுநோய்ப் பாதையில் திரும்பக்கூடும். இள வயதில் இது அரிதுதான், ஆனாலும் தடுக்கச் சுலபமானது. 90 நாள் தாண்டியும் வரவில்லை என்றால் முதலில் வீட்டிலேயே சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. கர்ப்பம் இல்லை என்றால் மருத்துவர் மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் 10 மி.கி. தினம் ஒன்று, 10 முதல் 14 நாள் எழுதுவார். நிறுத்திய ஒரு வாரத்துக்குள் பொதுவாக உதிரப்போக்கு வரும். வராவிட்டால் தானாக இன்னொரு கோர்ஸ் வாங்காதீர்கள்; காரணம் வேறாக இருக்கலாம்.

அடுத்து கருத்தடை மாத்திரை. 21 நாள் சாப்பிட்டு 7 நாள் விடும்போது வருவது மருந்து விலகியதால் வரும் உதிரம். "ரெகுலர் ஆயிடுச்சு, குணமாயிடுச்சு" என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நிறுத்தினால் பழையபடி ஆவதும் மாத்திரையின் கெடுதல் அல்ல, அடியில் இருந்த நிலை திரும்புகிறது, அவ்வளவுதான். அது செய்யும் வேலை வேறு: படலத்தைக் காப்பது, எஸ்எச்பிஜியைக் கூட்டி முடியையும் பருவையும் அடக்குவது. நம் ஊரில் பிசிஓடி என்றதும் கை போவது சைப்ரோடிரோன் 2 மி.கி.யும் 35 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜனும் சேர்ந்த அட்டைக்கு. ரத்தம் உறையும் அபாயம் கூடுதல் என்பதால் அதை முதல் தேர்வாக வைக்க வேண்டாம் என்கிறது வழிகாட்டுதல். குறைந்த ஈஸ்ட்ரோஜன் உள்ளதே போதும். கண்முன் மின்னலடித்து வரும் ஒற்றைத் தலைவலி, உயர் ரத்த அழுத்தம், முன்பு கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்தது, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கூடாது. ரத்த அழுத்தம் பார்க்காமல் யாரும் தொடங்கக் கூடாது.

மெட்ஃபார்மின் (இன்சுலின் எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரை): இரவுச் சாப்பாட்டோடு 500 மி.கி. ஒன்று. 1-2 வாரத்துக்கு ஒரு முறை 500 கூட்டலாம். பெரும்பாலோர் 1500-2000இல் நிற்பார்கள். முதல் நாளே 1000 தொடங்கி, வயிற்றுப்போக்கில் பயந்து விட்டுவிடுவதுதான் இந்த மருந்து தோற்கும் வழக்கமான விதம். மெதுவாக வெளிவிடும் வகை வயிற்றுக்கு இதம்; அதை உடைக்கவோ கடிக்கவோ கூடாது. மலத்தில் மாத்திரை போலவே ஒரு கூடு தென்பட்டால் பதற வேண்டாம், மருந்து உள்ளே இறங்கிவிட்டது, வெற்று உறைதான் அது. நீண்ட நாள் சாப்பிட்டால் பி12 குறையும், சைவம் சாப்பிடுபவர்களுக்குச் சீக்கிரமே. விரல் மரத்துப்போனால் பி12 பாருங்கள். கடும் வாந்தி, பேதி உள்ள நாட்களில் மருத்துவரிடம் சொல்லி நிறுத்தி வைக்க வேண்டும். சிறுநீரகக் குறை முற்றியவர்களுக்குக் கூடாது.

#10 சமையல்கட்டு

சாப்பாட்டு விஷயத்துக்கு வரேன். பிசிஓஎஸ்ஸுக்குன்னு ஒரு தனி டயட் மற்றதைவிட மேல்னு நிரூபணம் ஆகலை. பால் நிறுத்து, கோதுமை நிறுத்துன்னு எல்லாருக்கும் பொதுவா சொல்றது தேவையில்லாத தண்டனை. வருஷக்கணக்கில் தொடர முடியறதுதான் நல்ல உணவு.

நம்ம தட்டுல குறை எங்கேன்னா, புரதம். காலைல 4 இட்லி, தேங்காய்ச் சட்னி: புரதம் சுமார் 8 கிராம்தான். அதையே 2 இட்லி, 30 கிராம் துவரம்பருப்பு போட்ட கெட்டி சாம்பார், ஒரு முட்டைன்னு மாத்தினா 17 கிராம் ஆயிடும். முட்டை வேண்டாம்னா சாயங்காலம் ஒரு கப் வேக வெச்ச கொண்டைக்கடலைச் சுண்டல், 14 கிராம். 60 கிலோ எடைக்கு நாளைக்கு 50-60 கிராம் சேரணும். தண்ணி சாம்பாரை இதுல கணக்கு வைக்காதீங்க.

மதியம் ஒரு கப் சோறு, சுமார் 200 கலோரி. ரெண்டு கப் காய், ஒரு கப் பருப்போ மீனோ. காயும் பருப்பும் முதல்ல, சோறு கடைசியில சாப்பிட்டா சாப்பாட்டுக்கு அப்புறம் சர்க்கரை ஏறுறது குறையும். எண்ணெய் ஒரு மேசைக்கரண்டியே 120 கலோரி, கண்ணளவுல ஊத்தாம கரண்டியால அளங்க.

சிறுதானியம்னு பேர் வந்தாலே அளவில்லாம சாப்பிடலாம்னு அர்த்தமில்லை. கேழ்வரகு மாவை நைசா அரைச்சு, கூழா கரைச்சுக் குடிச்சா அரிசி மாதிரியே வேகமா ஏறும். முழுசா சமைக்கிற வரகு, சாமை, கூட நிறையக் காய், அது நல்லது. கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான். உளுந்தங்களியில உளுந்து அருமையான பொருள். கூடச் சேர்ற நல்லெண்ணெயும் கருப்பட்டியும்தான் கணக்குல வரணும்.

எடை கூடுதலா இருக்கிறவங்களுக்கு 5-10 சதவீதம் இறங்கினாலே மாற்றம் தெரியும்: 70 கிலோன்னா 3.5லேர்ந்து 7 கிலோ. நமக்கு பிஎம்ஐ 23லயே எச்சரிக்கை, இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ. தாண்டக் கூடாது. ஒல்லியானவங்க எடை குறைக்கவே கூடாது, அவங்களுக்குப் புரதமும் தசைப் பயிற்சியும்தான்.

#11 நடைமேடை

தசைப் பயிற்சியை யாரும் பெரிசா எடுத்துக்கிறதில்ல, அதான் எழுதுறேன். ரத்தத்துச் சர்க்கரையை அதிகமா வாங்கிக்கிறது தசைதான். வாரத்துக்கு 150 நிமிஷம் வேக நடையோட, அடுத்தடுத்து வராத 2 நாள் தசைப் பயிற்சி. எடை இறங்கணும்னா நடை 250 நிமிஷம். நாற்காலியில உட்கார்ந்து எழுந்திருக்கிறது 10 தடவை, சுவரைப் பிடிச்சு தண்டால் 10, ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலை ரெண்டு கையிலயும் தூக்குறது 10. இதை மூணு சுற்று. சுலபமாயிட்டா எண்ணிக்கையைக் கூட்டுறதைவிட பாரத்தைக் கூட்டுங்க. எடை மெஷின் முள் நகரலைன்னாலும் இன்சுலின் எதிர்ப்பு குறையும். இதைத் தெரியாமத்தான் ரெண்டாவது மாசமே நிறுத்திடுறாங்க.

#12 மருதாணி

கழற்சிக்காய்ப் பொடியும் மிளகும்? எங்க பக்கம் எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. இனோசிட்டால்னு ஒரு சத்துப் பொடியும் விக்குது.

#13 தாழம்பூ

கழற்சிக்காய் நம் மருத்துவ மரபில் நெடுங்காலம் இருப்பது. ஆனால் பிசிஓஎஸ்ஸுக்கு இவ்வளவு கொடுக்கலாம் என்று அளவு வகுக்கும்படியான பெரிய மனித ஆய்வு கிடையாது. தகுதிபெற்ற சித்த மருத்துவர் நேரில் பார்த்துக் கொடுப்பது வேறு, கூரியரில் வரும் பெயரில்லாப் பொடி வேறு. கருத்தரிக்க முயல்பவர்கள் தானாகச் சாப்பிட வேண்டாம். மெட்ஃபார்மினோடு சேர்த்துச் சாப்பிடுவதாக இருந்தால் இரண்டு மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

இனோசிட்டாலால் பெரிய தீங்கில்லை, ஆனால் முட்டை வெளிவருவதிலும் முடி குறைவதிலும் பலன் உறுதியாகவில்லை. பணம் இருந்து, தெரிந்தே எடுத்துக்கொள்வதானால் சரி. அதற்காக மெட்ஃபார்மினை நிறுத்துவது தவறு.

#14 கண்ணாடிமுன்

முடி விஷயம். நூலால் எடுத்தாலோ சவரம் செய்தாலோ முடி தடிமனாக வளராது. வெட்டுமுனை மொட்டையாக இருப்பதால் சொரசொரப்பாகத் தெரிகிறது. கஸ்தூரி மஞ்சள் வேரைத் தொடுவதில்லை. எந்த மருந்துக்கும் குறைந்தது 6 மாதம் வேண்டும், ஏனென்றால் ஏற்கெனவே வளரத் தொடங்கிய முடி தன் சுற்றை முடித்துத்தான் விழும். இரண்டாவது மாதம் கண்ணாடியைப் பார்த்து மருந்தை மாற்றாதீர்கள்.

லேசர்: நம் மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் 1064 நானோமீட்டர் என்டி யாக் பாதுகாப்பானது. தவறான அலைநீளத்தில் தோல் வெந்து கரும்புள்ளி விழும். சக்தி குறைவாக வைத்தால், நம்மவர்களுக்குக் கன்னத்திலும் தாடையிலும் முடி கூடவும் செய்யும்; இது நிஜமாக நடப்பது, முதல் அமர்வுக்கு முன்பே கேளுங்கள். 4-6 வாரத்துக்கு முன்பிருந்தே நூல், வேக்ஸ் நிறுத்துங்கள். வேர் இருந்தால்தான் லேசர் பிடிக்கும். சவரம் செய்யலாம். நரைமுடிக்கும் பூனைமுடிக்கும் லேசர் உதவாது. உள்ளே ஹார்மோன் அடங்காதவரை புது முடி முளைத்துக்கொண்டே இருக்கும், வருடத்துக்கு ஓரிரு முறை திரும்ப வேண்டிவரும்.

முடிக்காக, ஆண் ஹார்மோனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் எழுதியிருந்தால் உறுதியான கருத்தடை கட்டாயம். வயிற்றில் ஆண் கரு இருந்தால் அதன் உறுப்பு வளர்ச்சியைக் கெடுக்கும்.

#15 வைகறை

குழந்தைக்கு முயல்றவங்க கடையில கிடைக்கிற ஓவுலேஷன் கிட் வாங்கி ஏமாந்துபோறாங்க. தினமும் ரெண்டு கோடு காட்டுது, முட்டை வரலைங்கறாங்க. ஏன்?

#16 தாழம்பூ

அந்தப் பட்டை, முட்டையை வெளிவரத் தூண்டும் எல்எச் ஹார்மோனைப் பிடிக்கிறது. பிசிஓஎஸ்ஸில் பலருக்கு எல்எச் எப்போதுமே தூக்கலாக இருக்கும், அதனால் பொய்யாகக் காட்டும். "21ஆம் நாள் புரோஜெஸ்டிரோன்" பரிசோதனையும் 28 நாள் சுற்றுக்கு மட்டுமே பொருந்தும். 40 நாள் சுற்று என்றால் 33ஆம் நாள் எடுக்க வேண்டும், அதாவது அடுத்த மாதவிடாய்க்கு 7 நாள் முன்பு. மில்லிலிட்டருக்கு 3 நானோகிராமைத் தாண்டினால் முட்டை வெளிவந்திருக்கிறது.

முட்டையை வரவைக்கும் மருந்து என்றால் முதல் தேர்வு லெட்ரோசோல். மாதவிடாயின் 2 அல்லது 3ஆம் நாளிலிருந்து 5 நாள், தினம் 2.5 மி.கி.; முட்டை வராவிட்டால் அடுத்த சுற்றில் 5, பிறகு 7.5. 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வில் குழந்தை பிறந்தது லெட்ரோசோலில் 27.5 சதவீதம், அதற்கு முன்பிருந்த பழைய மருந்தான குளோமிஃபீனில் 19.1. இந்தியாவில் 2011இல் இதைக் குழந்தைப்பேற்றுக்குத் தரத் தடை போட்டு 2017இல் நீக்கினார்கள். "தடை செய்த மருந்து" என்று இன்றும் சிலர் பயமுறுத்துவது அதனால்தான். தொடங்கும்முன் கணவரின் விந்துப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். பெண்ணுக்கு ஆறு சுற்று மருந்து கொடுத்துவிட்டு அப்புறம் அவருக்குப் பார்ப்பது நேரத்தைக் கொல்வது. ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம் முன்கூட்டியே தொடங்குங்கள். கரு தங்கியதும் சீக்கிரமே சர்க்கரை பாருங்கள், 24-28 வாரத்தில் மறுபடி.

எதிர்ப்பக்கமும் உண்டு: மாதவிடாய் வரவில்லை என்பதால் கருத்தரிக்காது என்று நினைக்க வேண்டாம். எந்த மாதம் முட்டை வரும் என்று சொல்ல முடியாது. குழந்தை வேண்டாம் என்றால் கருத்தடை வேண்டும்.

#17 சமவெளி

கல்யாணம் ஆனா சரியாயிடும், ஒரு குழந்தை பெத்தா சரியாயிடும்னு வீட்ல சொல்றதுக்கு என்ன பதில் சொல்ல?

#18 மருந்துச்சீட்டு

கல்யாணத்தால் இன்சுலின் எதிர்ப்பு மாறாது என்று நேராகச் சொல்லுங்கள். முப்பதுகளின் பிற்பகுதியில் பலருக்கு மாதவிடாய்ச் சுற்று தானாகவே ஒழுங்குபடும், அதைத்தான் "சரியாயிடுச்சு" என்கிறார்கள். சர்க்கரை, ரத்த அழுத்த அபாயம் அப்போதும் கூடவே வரும். ரத்த அழுத்தம் வருடம் ஒருமுறை, குளுக்கோஸ் 1 முதல் 3 வருடத்துக்கு ஒருமுறை, ரத்தக் கொழுப்பு அளவு, பிசிஓஎஸ் என்று தெரிந்ததும் ஒருமுறை. பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடை இருக்கிறதா என்று கேளுங்கள், ஒல்லியானவர்களும்.

#19 தாழம்பூ

மனச்சோர்வும் பதற்றமும் இந்த நிலையோடு கூடுதலாக வருபவை. அதைக் கேட்டுப் பார்ப்பதும் பரிசோதனையின் பகுதி என்றே வழிகாட்டுதலில் இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, தூக்கமில்லை, அழுகை என்றால் மருத்துவரிடம் மாதவிடாய்த் தேதியோடு அதையும் சொல்லுங்கள். உதவிக்கு அரசின் 14416 டெலி மனஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

அடுத்த முறை யாராவது ஸ்கேன் படம் போடும்போது பெயரை மறைத்துவிட்டு, கூடவே இவற்றையும் எழுதுங்கள்: வயது, பூப்பெய்தி எத்தனை வருடம், கடைசி நான்கு மாதவிடாய்த் தேதிகள், முடி அல்லது பரு எங்கே, இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளும், பயோட்டின் உட்பட. இவை இல்லாமல் படத்தை மட்டும் பார்த்து இங்கே யாரும் பதில் சொல்ல வேண்டாம்.